பூச்சியத்துக்குப் பூச்சியம்: ஜப்பான் பேஸ்போலுக்கு ஸ்கோர் எழுதப் பழகும் முறை

எல்லேக்கும் கிரிக்கெட்டுக்கும் ஸ்கோர் எழுதிப் பழகிய கைகள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நிறைய உண்டு. அந்தக் கை பேஸ்போலுக்குப் பழக நல்ல ஆட்டம், ஓட்டமே விழாத ஆட்டம். 0-0 என்று ஒன்பது இன்னிங்ஸும் முடிந்தால், இன்னிங்ஸுக்கு மூன்று வீதம் இரண்டு அணிக்கும் தலா சரியாக 27 அவுட் விழுந்திருக்க வேண்டும். அடிக்க வந்த ஒவ்வொருவரும் ஒன்றில் அவுட் ஆகியிருப்பார், இல்லையென்றால் பேஸில் மிச்சமாக நின்றிருப்பார். மூன்றாவது வழி கிடையாது. ஆகவே உங்கள் தாளில் ஒரு பெட்டி தவறினாலும் கடைசிக் கூட்டல் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். 9-7 என்று முடிகிற ஆட்டத்தில் அந்தப் பிழையைத் தேடிப் பிடிப்பது பெரும் பாடு.

இப்படி முடிகிற ஆட்டத்தைப் பிடிக்கத் தோதான காலம் பெப்ரவரி கடைசியும் மார்ச்சும். ஜப்பானின் 12 தொழில்முறை அணிகளும் பெப்ரவரி 1ஆம் திகதி முகாம் தொடங்கும். பெரும்பாலான முகாம்கள் ஒக்கினாவாவிலும் மியாசாகியிலும் நடக்கும். பிறகு மார்ச் கடைசியில் பருவம் தொடங்கும் வரை 'ஓபன்-சென்' எனப்படும் பயிற்சி ஆட்டங்கள். இந்த நாட்களில் பந்தெறியும் பிட்சர்களின் கை அடிப்பவர்களின் கண்ணை விட முந்தித் தயாராகிவிடும். குளிரும் இருக்கும். ஓட்டம் குறைவதற்கு இவையே பெரிய காரணங்கள். பருவ ஆட்டம் சமநிலையில் நின்றால் 12 இன்னிங்ஸ் வரை போகும். ஓபன்-சென் பெரும்பாலும் ஒன்பதோடு முடித்து 'சமநிலை' என்று எழுதிவிடுவார்கள்.

முடிந்தால் யோமியுரி ஜயன்ட்ஸ், ஹன்ஷின் டைகர்ஸ் மோதும் நாளைத் தெரிவு செய்யுங்கள். 1934இல் தொடங்கியது ஜயன்ட்ஸ், 1935இல் டைகர்ஸ். ஒன்று டோக்கியோவின் அணி, மற்றது ஒசாக்கா, கோபே பக்கத்து மக்களின் அணி. பருவத்தில் இவர்கள் மோதும் ஆட்டத்தின் சத்தமே வேறு. ஓபன்-சென்னில் அதே இரண்டு அணியும் ஒன்றையொன்று அளந்து பார்க்கும். எழுதுபவருக்கு அதில்தான் வேலை அதிகம்.

நேரமும் திரையும்

ஜப்பான் நேரம் நம்மை விட மூன்றரை மணித்தியாலம் முந்தியது. அங்கே பகல் 1 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே காலை 9.30. அங்கே 2 மணி என்றால் இங்கே 10.30. மாலை 6 மணி ஆட்டம் நமக்குப் பகல் 2.30. ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ பார்க்க டேட்டா போதாதென்றால் பந்துக்குப் பந்து எழுத்தில் ஓடும் பக்கங்கள் போதும். அங்கே மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்த வேண்டாம், வீரர் பெயர்கள் சிதைந்துபோகும். ஜப்பானிய எழுத்தில் சிலவற்றின் உருவத்தை மட்டும் மனதில் வைத்தால் வேலை நடக்கும். ஒரு கிடைக்கோடு முதலாம் பேஸ்காரர், இரண்டு கோடு இரண்டாம் பேஸ், மூன்று கோடு மூன்றாம் பேஸ். பெட்டியொன்றின் நடுவே நெடுக்குக் கோடு இறங்கினால் நடு வெளிக்களம். திரையின் மூலையில் மூன்று வரி விளக்கு இருக்கும். பச்சை போல் (எல்லைக்கு வெளியே போய், அடிப்பவரும் மட்டை வீசாத பந்து), மஞ்சள் ஸ்ட்ரைக் (அடிப்பவருக்கு எதிராக எண்ணப்படும் பந்து), சிவப்பு அவுட். ஓட்டப் பலகையில் மேல் வரி வெளியூர் அணி. முதலில் அடிப்பது அதுதான்.

தாள்

ஏ4 தாள் மூன்று. அணிக்கு ஒன்று, இரு அணிப் பிட்சர்களுக்கும் சேர்த்து ஒன்று. தாளைக் கிடையாகத் திருப்பி இடமிருந்து கோடு போடுங்கள்: அடிக்கும் வரிசை எண்ணுக்கு 1 செ.மீ, பெயருக்கு 5, நிற்கும் இடத்துக்கு 1.2, பிறகு 1.9 செ.மீ அகலத்தில் பத்து நிரல், கடைசியில் கூட்டலுக்கு 2 செ.மீ. குறுக்கே ஒன்பது வரி, ஒவ்வொன்றும் 1.9 செ.மீ உயரம். மேலே தலைப்புக்கும் கீழே இன்னிங்ஸ் கூட்டலுக்கும் 1.2 செ.மீ வீதம் விடுங்கள். பெயர் இருக்கும் பெட்டியை மட்டும் மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஓபன்-சென்னில் ஒரே வரிசை எண்ணில் மூன்று பேர் மாறி மாறி வருவது சாதாரணம்.

நிரல் பத்து எதற்கு, இன்னிங்ஸ் ஒன்பதுதானே? ஒரே இன்னிங்ஸில் ஒன்பது பேரும் அடித்து முதலாமவர் திரும்ப வந்தால் பக்கத்து நிரலுக்குப் போக வேண்டும். ஓட்டம் விழாத இன்னிங்ஸில் அது நடக்கவே முடியாது. மூன்று அவுட், மூன்று பேஸிலும் ஆள் என்றாலும் ஆறு பேர்தான். ஆறுக்கு மேல் பெட்டி நிரம்பி, ஓட்டம் பூச்சியம் என்று இருந்தால் உடனே நிறுத்திப் பாருங்கள், எங்கோ பிழை.

எச்.பி. பென்சில், அழிறப்பர், அடிமட்டம், ஒரு சிவப்புப் பேனை. பேனையால் பெட்டிக்குள் எழுதவே கூடாது. அடிபட்ட பந்து ஹிட்டா (அடியாலேயே பேஸை எட்டியதா), களத்தடுப்புப் பிழையா என்ற தீர்ப்பைச் சில நேரம் பின்னர் மாற்றுவார்கள்.

அடையாளங்கள்

களத்தில் நிற்பவர்களுக்கு எண் உண்டு. சட்டை எண் அல்ல, இடத்தின் எண். 1 பிட்சர், 2 கெச்சர் (அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்), 3 முதலாம் பேஸ், 4 இரண்டாம் பேஸ், 5 மூன்றாம் பேஸ், 6 ஷோர்ட்ஸ்டொப், 7 இடது வெளிக்களம், 8 நடு, 9 வலது. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஐந்தும் ஆறும். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையில் நிற்பவர்தான் 6. அவரை 5 என்று எழுதிவிட்டால் தாள் முழுவதும் தவறிப்போகும்.

ஒவ்வொரு பெட்டியின் நடுவிலும் சிறிய சாய்சதுரம் கீறுங்கள். கீழ் முனை ஹோம், வலது முனை முதலாம் பேஸ், மேல் முனை இரண்டாவது, இடது முனை மூன்றாவது. ஓடுபவர் எட்டிய பேஸ் வரை அந்தப் பக்கக் கோட்டை அழுத்திக் கீறினால் போதும். அவுட் ஆனால் சாய்சதுரத்தின் நடுவில் 1, 2 அல்லது 3 என்று அந்த இன்னிங்ஸின் எத்தனையாவது அவுட் என்பதை எழுதுங்கள்.

தரையில் உருண்ட பந்தானால் எடுத்தவரின் எண்ணுக்குக் கீழே வளைவு, உயரப் போய்ப் பிடிபட்டால் எண்ணுக்கு மேலே வளைவு, நேர்கோட்டில் பாய்ந்தால் மேலே நேர்கோடு. ஜப்பானில் பரவலாகப் புழங்கும் முறை இது. எந்த மொழிக்காரரும் வாசிக்கலாம். ஷோர்ட்ஸ்டொப் எடுத்து முதலாம் பேஸுக்கு எறிந்து அவுட் என்றால் 6-3. மூன்று ஸ்ட்ரைக்கில் போனவருக்கு ஆங்கில 'கே' எழுத்து. மட்டையை வீசாமல் பார்த்துக்கொண்டே நின்றவருக்கு அதே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுங்கள். நாலு போலில் நடந்தவருக்கு 'ந'. பந்து மேலில் பட்டுப் போனவருக்கு 'மே'. தன் அவுட்டைக் கொடுத்து மற்றவரை நகர்த்தும் தட்டலுக்கு எண்களைச் சுற்றிப் பெட்டி. இன்னிங்ஸ் முடியும்போது பேஸில் நிற்பவரின் சாய்சதுரத்துக்குள் 'மி', அதாவது மிச்சம். இந்த 'மி'தான் 0-0 ஆட்டத்தின் உயிர். ஒன்றையும் விடக்கூடாது.

ஒவ்வொரு பந்தையும் குறிக்கும் முறையும் உண்டு. முதல் சில ஆட்டங்களுக்கு அது வேண்டாம். பந்தை எழுதக் குனிந்து ஓட்டத்தைத் தவறவிடுவதுதான் நடக்கும்.

ஒரு இன்னிங்ஸ் எழுதிப் பார்ப்போம்

முதலாமவர் இடது வெளிக்களத்துக்கு ஒரு பேஸ் ஹிட். ஹோமிலிருந்து முதலாம் பேஸ் வரை கோடு, மூலையில் 7. இரண்டாமவர் தட்டிக் கொடுக்கிறார். பிட்சர் எடுத்து முதலாம் பேஸுக்கு எறிகிறார். இங்கே கவனம் தேவை. தட்டலுக்காக முதலாம் பேஸ்காரர் முன்னால் ஓடி வந்திருந்தால், பேஸில் பந்தைப் பிடித்தவர் இரண்டாம் பேஸ்காரராக இருப்பார். அப்படியானால் 1-3 அல்ல, 1-4. பேஸின் பெயரைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து எழுதுங்கள். சாய்சதுரத்தில் 1. முதலாமவர் இப்போது இரண்டாம் பேஸில். அவர் பெட்டியில் கோட்டை மேல் முனை வரை நீட்டுங்கள்.

மூன்றாமவர் 'ந'. நான்காமவர் ஷோர்ட்ஸ்டொப்புக்கு உருட்டுகிறார். 6-4-3, இரட்டை அவுட். இரண்டாம் பேஸில் விழுந்தது மூன்றாமவர். அவர் பெட்டியில் 6-4, அவுட் 2. நான்காமவர் பெட்டியில் 4-3, அவுட் 3. இரண்டு பெட்டியையும் ஒரு வளைகோட்டால் இணையுங்கள். முதலாமவர் பெட்டியில் 'மி'. இனிக் கணக்கு: வந்தவர் 4, அவுட் 3, மிச்சம் 1. மூன்றும் ஒன்றும் நாலு. சரி. நிரலின் அடியில் '4 / 1' என்று எழுதி, அடுத்தவர் முதல் பந்தைச் சந்திப்பதற்குள் இந்தக் கூட்டலை முடித்துவிடுங்கள். இன்னிங்ஸ் முடிந்து அணிகள் இடம் மாறும் இரண்டு நிமிடம் இதற்கே.

கணக்கு உடையும் இடங்கள்

பெரும்பாலான தாள்கள் உடைவது இரண்டே இடத்தில்தான்.

முதலாவது, இரண்டு அவுட், முதலாம் பேஸில் ஆள். அடித்த பந்து ஷோர்ட்ஸ்டொப்பிடம் போகிறது. அவர் இரண்டாம் பேஸுக்கு எறிந்து ஓடியவரை அவுட் ஆக்குகிறார். இன்னிங்ஸ் முடிந்தது. அவசரத்தில் மூன்றாவது அவுட்டை அடித்தவர் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அவுட் ஆனது ஓடியவர். அடித்தவர் முதலாம் பேஸை எட்டியவராகக் கணக்கு, அவருக்கு 'மி'. மொத்தம் மாறாது என்பதால் இந்தப் பிழை கூட்டலில் அகப்படாமல் தப்பிவிடும். ஆனால் யார் எத்தனை தடவை பேஸில் நின்றார் என்ற விபரம் கெட்டுவிடும். அதனால் இதை மட்டும் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, இரண்டு அவுட் இருக்கும்போது ஓடுபவர் பேஸ் திருடப் போய் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடி) அகப்படுவது. கெச்சர் எறிந்து ஷோர்ட்ஸ்டொப் தொட்டால், ஓடியவர் பெட்டியில் இரண்டாம் பேஸ் முனையருகே 2-6, அவுட் 3. அந்த நேரம் அடிக்க நின்றவரின் முறை முடியவில்லை. அவர் வந்ததாகக் கணக்கில்லை. அடுத்த இன்னிங்ஸை அவரே தொடங்குவார், போல் ஸ்ட்ரைக் இரண்டும் பூச்சியத்திலிருந்து. அவர் பெட்டியில் எதையாவது எழுதியிருந்தால் அழியுங்கள். அழிக்காமல் விட்டால் வந்தவர் எண்ணிக்கையில் ஒன்று கூடும், அடுத்த இன்னிங்ஸில் வரிசையும் ஒரு ஆள் தள்ளிப்போகும்.

அரிதாக நடப்பது இன்னொன்று: மூன்றாவது ஸ்ட்ரைக் பந்தைக் கெச்சர் தவறவிட, அடிக்க நின்றவர் ஓடி முதலாம் பேஸை அடைவது. 'கே' எழுத வேண்டும், அவுட் எண் போடக் கூடாது.

ஆள் மாறும்போது

ஓபன்-சென் தாளைக் குழப்புவது ஆட்டமல்ல, ஆள் மாற்றம். ஐந்தாம், ஆறாம் இன்னிங்ஸில் நட்சத்திர வீரர்கள் வெளியே போக, நாலைந்து பேர் ஒரேயடியாக உள்ளே வருவார்கள். நின்றவர்களில் சிலர் இடமும் மாறுவார்கள். வெளியே போனவர் திரும்ப வரமுடியாது என்பதுதான் நமக்குப் பிடிமானம்.

முதலில் சட்டை எண்ணை எழுதுங்கள். பெயர் பிறகு. புதியவர் அடிக்க வந்தால் அவருடைய முதல் பெட்டியின் இடது ஓரத்தில் தடித்த நெடுக்கோடு. களத்தடுப்புக்கு மட்டும் வந்தால் பெயருக்குப் பக்கத்தில் இன்னிங்ஸ் எண். எதிரணி பிட்சரை மாற்றினால், புதிய பிட்சர் சந்திக்கும் முதல் ஆளின் பெட்டிக்கு மேலே சிவப்பு அலைக்கோடு. ஆட்டம் முடிந்த பிறகு யார் யாருக்கு எறிந்தார் என்று தேடும்போது இந்தச் சிவப்பு கை கொடுக்கும்.

சட்டையில் மூன்று இலக்க எண் கண்டால் கூடுதல் அக்கறையோடு எழுதுங்கள். அவர் வளர்ப்பு ஒப்பந்தத்தில் இருக்கும் வீரர். பருவத்தின் முதல்நிலை ஆட்டங்களில் அவருக்கு இடமில்லை, ஓபன்-சென்னில் ஆடலாம். ஓர் அணி 70 பேரைத்தான் முழு ஒப்பந்தத்தில் வைத்திருக்க முடியும், அந்தப் பட்டியலுக்குள் ஏறத்தான் அவர் ஓடுகிறார். பூச்சிய ஆட்டத்தில் எட்டாம் இன்னிங்ஸில் வந்து ஒரு பேஸ் திருடிப் போனால், பலகையில் அதற்கு ஒரு தடமும் இராது. உங்கள் தாளில் இருக்கும்.

பிட்சர்கள் அடிக்க வராததால் அவர்களுக்குத் தனித் தாள். ஜப்பானின் இரண்டு லீக்குகளில் பசிபிக் லீக் 1975 முதல் பிட்சருக்குப் பதிலாக ஒருவரை அடிக்க விடுகிறது. சென்ட்ரல் லீக்கும் 2027இலிருந்து அதையே பின்பற்ற முடிவெடுத்தது. ஓபன்-சென்னில் பெரும்பாலும் இரு லீக் அணிகளும் இப்படித்தான் ஆடும். தாளில் அணிக்கு எட்டு வரி விடுங்கள். முதல் பிட்சர் பெப்ரவரியில் இரண்டு மூன்று இன்னிங்ஸ் எறிவார், மார்ச் நடுவில் ஐந்தோ ஆறோ. மற்றவர்கள் பொதுவாக ஆளுக்கு ஒரு இன்னிங்ஸ். நிரல்கள்: சந்தித்த ஆட்கள், எடுத்த அவுட், பந்துகள், ஹிட், 'ந', 'கே'. இன்னிங்ஸைப் பின்னமாக எழுதாமல் அவுட்டாக எழுதுங்கள். 27க்குக் கூட்டுவது இலகு. 0-0இல் வென்ற பிட்சரும் இல்லை, தோற்ற பிட்சரும் இல்லை. அந்த நிரலை வெறுமையாக விடுங்கள்.

கடைசிக் கூட்டல்

வந்தவர் = 27 + மிச்சம். ஓர் உதாரணம். வெளியூர் அணியின் 'மி' ஆறு. அப்படியானால் 33 பேர் வந்திருக்க வேண்டும். 33ஐ ஒன்பதால் பிரித்தால் மூன்று சுற்று, மிச்சம் ஆறு. ஆகவே கடைசி இன்னிங்ஸில் கடைசியாக வந்தவர் வரிசையில் ஆறாவது ஆள். முதல் ஆறு வரியில் நாலு பெட்டி வீதமும், கடைசி மூன்று வரியில் மூன்று வீதமும் நிரம்பியிருக்கும். உங்கள் தாளில் கடைசி ஆள் ஏழாவது என்றால் எங்கோ ஒருவரைக் கூட எழுதியிருக்கிறீர்கள், அல்லது ஒரு 'மி'யை விட்டிருக்கிறீர்கள். இன்னிங்ஸ் அடியில் எழுதிய சிறு கூட்டல்களை வரிசையாகப் பார்த்தால் இடம் அகப்படும். பிட்சர் தாளில் 'சந்தித்த ஆட்கள்' மொத்தமும் எதிரணியின் 'வந்தவர்' மொத்தமும் ஒன்றாக வர வேண்டும்.

மழையால் ஏழு இன்னிங்ஸோடு நிறுத்தினால் 27க்குப் பதில் 21. ஒன்பதாவதின் கீழ்ப்பாதியில் சொந்த அணி ஓர் ஓட்டம் எடுத்துவிட்டால் ஆட்டம் அந்த இடத்திலேயே முடியும். அப்போது அவுட், ஓட்டம், மிச்சம் மூன்றையும் கூட்டுங்கள்.

பூச்சியத்தை வாசிப்பது

கிரிக்கெட்டில் எல்லா மெய்டன் ஓவரும் ஒன்றல்ல என்பது எழுதியவருக்குத் தெரியும், இங்கேயும் அப்படியே. மூன்று பேர் வந்து மூன்று பேரும் போன பூச்சியமும், மூன்று பேஸிலும் 'மி' கிடக்கும் பூச்சியமும் பலகையில் ஒரே வட்டம். ஓட்டமில்லா ஆட்டம் முடிந்ததும் இரண்டை எண்ணுங்கள்: எத்தனை இன்னிங்ஸில் ஆள் மூன்றாம் பேஸ் வரை போனார், அதில் எத்தனை தடவை இரண்டு அவுட் ஆகும் முன்னமே போனார். ஓர் அணிக்கு நாலு, மற்றதற்குப் பூச்சியம் என்றால், சமநிலை என்றாலும் ஆட்டத்தை நடத்தியது யார் என்று தெரிந்துவிடும்.

கோஷியன் மைதானமென்றால் காற்றையும் மூலையில் குறியுங்கள். டைகர்ஸின் வீடான அது 1924இல் திறந்தது. வேலி வரை தூரம் ஓரக் கோட்டில் 95 மீற்றர், நடுவில் 118. கடற்காற்று வலது வெளிக்களத்திலிருந்து இடது பக்கமாக அடிக்கும். இடக்கையால் அடிப்பவர் வலது பக்கம் தூக்கிய பந்து வேலிக்கு முன் 9இன் கையில் விழுவது அதனால்தான். கல்லடிக் கரையில் உயரப் பந்துக்கு ஓடியவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. டோக்கியோ டோமில் கூரை உண்டு. அங்கே வலது பக்கம் அப்படிப் பிடிபட்டால் காரணம் காற்றல்ல.

போட்டி அணிகள் ஒன்றுக்கொன்று எல்லாவற்றையும் காட்டமாட்டா. ஜப்பானில் ஸ்கோரர் என்பது ஒவ்வொரு அணியும் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் வேலை. முகாம் தொடங்கும் நாளிலிருந்தே அவர்கள் எதிரணிகளின் வலைக்குப் பின்னால் அமர்ந்து எழுதுவார்கள். அது தெரிந்த பிட்சர் தன் சிறந்த பந்தை ஒளித்து, புதிதாகப் பழகும் ஒன்றையே திரும்பத் திரும்ப எறியக்கூடும். ஆகவே ஓபன்-சென் தாளில் ஒருவருக்கு மூன்று 'ந' விழுந்தால், அதை வைத்து அவர் கெட்டுப்போனார் என்று முடிவெடுக்க வேண்டாம். பந்தின் வேகத்தை மட்டும் பக்கத்தில் எழுதி வையுங்கள். திரையில் மணிக்குக் கிலோமீற்றரில் வரும். பருவம் தொடங்கியதும் அதே ஆளின் தாளோடு ஒப்பிடலாம்.

இருவராக அமர்வது நல்லது. ஒருவர் திரையைப் பார்த்து எண்களைச் சொல்ல, மற்றவர் எழுத, ஐந்தாம் இன்னிங்ஸில் மாறிக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்த பின் லீக்கின் இணையத்தளத்தில் வரும் அதிகாரபூர்வ அட்டவணையோடு ஒத்துப் பாருங்கள். அவுட், 'ந', 'கே' மூன்றும் பிசகாமல் ஒத்துவர வேண்டும். ஹிட் எண்ணிக்கையில் ஒன்று கூடிக் குறைந்து, களத்தடுப்புப் பிழை அதே அளவு எதிர்ப்பக்கம் மாறியிருந்தால், உங்கள் கண்ணும் மைதானத்து அதிகாரபூர்வ ஸ்கோரரின் (அணியின் ஆளல்ல) கண்ணும் ஒரே பந்தை வேறாகப் பார்த்திருக்கின்றன. அவருடையதைப் பென்சிலால் திருத்தி எழுதி, உங்கள் தீர்ப்பைப் பெட்டியின் மூலையில் சிறிதாக விட்டு வையுங்கள்.